யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய ஹூட் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஓப்பன் கார் ஒன்றை வாங்க ஆசைப்படுகிறவர்களும், பாட்டன் விட்டுப்போனதைக் கொட்டிலுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். முன்னுக்குச் சொன்னதைப் பின்னுக்குத் திருப்பிச் சொல்லவில்லை. ஆகவே மேலிருந்து வாசித்தால் நல்லது.

ஓப்பன் கார் எண்டு நீங்கள் சொல்லுறது எந்தெந்தக் கார்? இஞ்ச என்ன கிடைக்கும்?

கன்வஸ் அல்லது றெக்சின் ஹூட்டை மடித்துப் பின்னுக்குப் போடக்கூடிய, 1950 முதல் 1970கள் வரையான இங்கிலாந்துக் கார்களைத்தான் சொல்கிறோம். எங்கள் பக்கத்தில் கைக்கு எட்டக்கூடியது மொறிஸ் மைனர் டூரர், அதாவது மைனரின் ஓப்பன் வகை. மைனர் 1948இல் வந்தது, டூரர் 1969 வரை செய்யப்பட்டது. நான்கு பேர் இருக்கலாம், ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. உண்மையான ஸ்போர்ட்ஸ் என்றால் எம்.ஜி. மிட்ஜெற் (1961–79), அதன் இரட்டைப்பிறவியான ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், பெரிய எம்.ஜி.பி (1962–80), டிறையம்ப் ஸ்பிற்பயர். டிறையம்ப் ஹெரால்ட் ஓப்பன் இரண்டுக்கும் இடைப்பட்டது.

இதில் ஒரு நல்ல விசயம்: மைனர் (1952க்குப் பிந்தியது), ஆரம்ப மிட்ஜெற், ஸ்பிறைற், ஒஸ்ரின் ஏ30, ஏ35, பழைய மினி எல்லாவற்றுக்கும் ஒரே குடும்ப எஞ்சின். 803, 948, 1098, 1275 சிசி என்று அளவு மட்டும் மாறும். ஆகவே மிட்ஜெற் வைத்திருப்பவர் மைனர்க்காரரோடு சினேகமாய் இருப்பது புத்தி.

வெளியில இருந்து ஒண்டு இறக்கேலாதோ?

பாவித்த கார்களுக்கு வயதெல்லை இருக்கிறது. இவ்வளவு பழைய காரைச் சாதாரண வழியில் இறக்கும் கணக்கை விட்டுவிடுங்கள். நாட்டுக்குள் ஏற்கனவே பதிவான ஒன்றைத் தேடுவதுதான் வழி.

உண்மையைச் சொல்லுங்கோ, இதில நன்மை எண்டு என்ன இருக்கு? எல்லாரும் செலவு எண்டுதான் வெருட்டுகினம்.

முதல் நன்மை, எஞ்சின் எளிமையானது. நான்கு பிளக், ஒரு டிஸ்றிபியூற்றர், ஒன்று அல்லது இரண்டு எஸ்.யூ. காபரேற்றர். கொம்பியூற்றர் கிடையாது. ஒரு பின்னேரத்தில் வால்வு இடைவெளி, பொயின்ற் (டிஸ்றிபியூற்றருக்குள் திறந்து மூடும் தொடுமுனை), பிளக் எல்லாம் பார்த்து முடிக்கலாம். இரண்டாவது, ஊர் இதற்குப் பொருந்தும். குடாநாடு தட்டையானது, மலை ஏற்றமில்லை, நகரிலிருந்து பருத்தித்துறைக்கோ காரைநகருக்கோ ஒரு மணித்தியாலம் போதும். கிளச்சுக்கும் பிறேக்குக்கும் இதைவிடச் சொகுசான ஊர் இலங்கையில் குறைவு.

மூன்றாவது, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஹூட்டை மடித்துவிட்டு நாற்பதில் ஓடினாலே போதும். இந்தக் கார்களின் இன்பம் வேகத்தில் இல்லை. கவனமாய் வைத்திருந்தால் விலையும் விழாது.

அப்ப தீமை?

தகடு, ஹூட், கொட்டில், தண்ணீர். இந்த நான்கும்தான் காசைத் தின்னும். வாங்க வருகிறவர்கள் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆனால் எஞ்சின் செய்வது இருப்பதிலேயே சுலபமான வேலை. ஓப்பன் காரில் கூரை இல்லாததால் காரின் பலம் முழுக்கக் கீழ்த் தகட்டிலும் கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டித் தகட்டிலும்தான் நிற்கிறது. அதை உப்புக்காற்று உள்ளிருந்து தின்றால் வெளியில் பெயின்ற் மினுங்கிக்கொண்டிருக்கும், உள்ளே ஒன்றும் இராது.

மற்றவை: ஏசி இல்லை, பூட்டினாலும் பூட்டாத மாதிரி, பக்கத்தில் லொறி வந்தால் காது அடைக்கும். சுற்றுவட்டத்தில் ஒருவர் ஓட்டோவை நிறுத்திவிட்டு விலை கேட்பார். அது நன்மையா தீமையா என்பது ஆளைப் பொறுத்தது.

எங்கட வெயிலுக்கை ஹூட்டை மடிச்சுப்போட்டு ஓடேலுமோ?

காலை எட்டரைக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின். இடையில் ஹூட்டைப் போடுங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள். சித்திரை வைகாசி மத்தியானத்தில் திறந்த காரை வெளியே விட்டால் சீற் தைத்த நூல் உக்கும், டாஷ் வெடிக்கும், ஸ்ரியறிங்கைப் பிடிக்கவே முடியாது. சோளகம் அடிக்கும் மாதங்களில் மணலும் தூசியும் சேர்ந்து வரும். அப்போது ஹூட்டை மடிக்குமுன் தூசியைத் துடைத்துவிடுங்கள். மடிப்புக்குள் மாட்டிய மணல் உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும்.

பார்க்கப் போகேக்கை முதல்ல எதைப் பார்க்கிறது? எஞ்சின் ஒரு அடியில ஸ்ராட் ஆகுது.

எஞ்சினை ஓவ் பண்ணிவிட்டுக் கதவைப் பாருங்கள். ஹூட் மடித்திருக்க, கதவுக்கும் பின் உடம்புக்கும் இடையிலுள்ள நீக்கல் மேலும் கீழும் ஒரே அளவா? மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது. பிறகு இரண்டு பேரை உள்ளே இருத்திக் கதவைத் திறந்து மூடுங்கள். இறுகினால் கீழ்த் தகடு போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது காந்தம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியால் சுற்றிக் கதவுக்குக் கீழ், சில்லு வளைவு, கால் வைக்கும் இடம் எங்கும் வையுங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பூச்சு இருக்கிறது. மைனரில் பின் ஸ்பிறிங் பிடிக்கும் இடங்கள், மிட்ஜெற்றில் பின் ஸ்பிறிங்கின் முன் முனை, ஹெரால்ட்டில் சசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், எம்.ஜி.பியில் கதவுக்குக் கீழுள்ள அடுக்குத் தகடுகள்: இவற்றை ஒரு ஸ்குறூ டிறைவரால் குத்திப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். குத்த விடாத ஆளிடம் வாங்கவும் வேண்டாம்.

இது உண்மையான டூரரோ, சலூனை வெட்டினதோ எண்டு எப்பிடித் தெரியும்?

பிந்திய மைனர்களில் சசி இலக்கத்தின் முன்னொட்டிலேயே உடம்பு வகைக்கு ஒரு எழுத்து வரும். டூரருக்கு ஆங்கில ‘ரி’, சலூனுக்கு (கூரை மூடிய காருக்கு) ‘எஸ்’. இலக்கம் அடித்த தட்டு மாறியிருக்கலாம் என்பதால் உடம்பையும் பாருங்கள். கம்பனி டூரரில் கதவுக்குக் கீழ் உள்ளே கூடுதல் தடித்த தகடு ஓடும், டாஷுக்குக் கீழ் இரு பக்கமும் மூலைத்தாங்கிகள் இருக்கும், கதவுத் தூணின் அடியும் பலப்படுத்தியிருக்கும். இவை இல்லாமல் மேலே மட்டும் வெட்டி ஹூட் போட்டிருந்தால் அது கார் அல்ல, சில்லு பூட்டிய தட்டு.

மண்ணெண்ணெயில ஓடின கார் எண்டு கண்டுபிடிக்கேலுமோ?

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டில் பெற்றோல் சொட்டுச் சொட்டாய்த்தான் கிடைத்தது. குறைந்த அழுத்த எஞ்சின் கொண்ட பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சிறிது பெற்றோலில் ஸ்ராட் ஆகி, சூடானபின் மண்ணெண்ணெயில் ஓடின. ஊர் அசையாமல் நிற்காதிருந்தது அவற்றால்தான். ஆனால் எஞ்சினுக்கு அது நஞ்சு. சரியாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் நீர்த்துப்போய் பெயரிங்கும் றிங்கும் தேயும், மேலே கரி படியும், எக்ஸோஸ்ற் வால்வு கருகும்.

அடையாளங்கள்: ஹெட்டுக்குக் கீழ் இரட்டைக் காஸ்கற் (அழுத்தத்தைக் குறைக்கப் போட்டது), மனிபோல்ட்டில் துளைத்து அடைத்த ஓட்டை, பொனற்றுக்குள் சின்னப் போத்தலோ தாங்கியோ பூட்டிய கம்பிப் பிடி. கொம்பிறெசன் மீற்றர் வைத்து நான்கு சிலிண்டரையும் சூடாக, த்றொட்டில் முழுக்கத் திறந்தபடி அளவுங்கள். எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட நான்கும் பத்து வீதத்துக்குள் ஒத்திருப்பது முக்கியம். அதற்குப் பிறகு ஒருமுறை போரிங் செய்த (சிலிண்டரைக் கடைந்து புதுப்பித்த) எஞ்சின் என்றால் இந்தப் பழைய கதை எதுவும் பொருட்டில்லை.

சீஆர் புத்தகம் இல்லை, விலை நல்ல மலிவு. எடுக்கலாமோ?

இடப்பெயர்வில் சீஆர் என்கிற பதிவுப் புத்தகம் தொலைந்த கார்கள் நிறைய. பதிவு உரிமையாளரோ அவரது சட்டபூர்வ வாரிசோ முன்வந்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரண்டாம் பிரதி எடுத்துத் தந்தால் மட்டும் காசு கொடுங்கள். “பிறகு எடுத்துத் தாறன்” என்பதை நம்பிக் கொடுத்தால் கொட்டிலில் ஒரு சிலை நிற்கும். சசி இலக்கம், எஞ்சின் இலக்கம் இரண்டையும் ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள். டற்சன் 1200 எஞ்சின் மாற்றிய மைனர்கள் உண்டு. ஓடுவதற்கு நல்லவை, ஆனால் மாற்றம் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

நம்பர் தட்டும் ஒரு சாட்சி. இரண்டு ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பழைய பாணி இலக்கம் என்றால், 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய பதிவு. 1960களில் செய்த காரில் அப்படி ஒரு தட்டு இருந்தால், விளக்கம் கேட்கவேண்டியது விற்கிறவரிடம்.

கிணத்துத் தண்ணி விட்டா என்ன? அப்பா காலத்தில எல்லாம் அதுதானே விட்டவை.

விட்டார்கள், அதனால்தான் அந்த றேடியேற்றர்கள் இன்று அடைபட்டுக் கிடக்கின்றன. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படியும் அந்த வெள்ளைப் படிவு எஞ்சினின் தண்ணீர்ப் பாதையிலும் படியும், முதலில் பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றி. கரையோரக் கிணறென்றால் உப்பும் சேர்ந்து ஹெட்டைத் தின்னும்.

மைனருக்கு ஏறத்தாழ 5 லீற்றர் போதும். பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த நீர் இரண்டு பங்கு, கூலன்ற் ஒரு பங்கு. வடித்த நீர் கிடைக்காவிட்டால் சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீர். இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள். எஞ்சின் புளொக்கின் பக்கத்திலுள்ள வடிகுழாயைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே சேறு. ஒரு கம்பியால் குத்தி எடுக்கவேண்டும். சூடாகிறதென்று தேமோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கமும் இங்கே உண்டு. இந்த எஞ்சினில் அப்படிச் செய்தால் தண்ணீர் சின்ன பைபாஸ் ஹோஸ் வழியே குறுக்கால் போய்விடும், றேடியேற்றருக்குப் போகாது. கழற்றினால் அதன் இடத்தில் அடைப்பு வளையம் போடவேண்டும். எங்கள் வெயிலுக்கு 74 பாகை தேமோஸ்ரற் போட்டு விட்டால் அந்தக் கரைச்சலே இல்லை.

பண்ணைப் பாலத்தால தீவுப்பக்கம் ஓடினா கறள் பிடிக்குமோ?

ஓடுவதால் பிடிக்காது. ஓடிவிட்டு அப்படியே விடுவதால் பிடிக்கும். பண்ணை, பொன்னாலை, சங்குப்பிட்டி எங்கே போனாலும் காற்று நாளில் உப்பு நீர்த்துளி அடியில் ஒட்டும். அன்றிரவே அடியைக் கழுவுங்கள், ஆனால் உவர்க்கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதை. நல்ல தண்ணீர்க் கிணறு, இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீர். கழுவியபின் பத்து நிமிடம் ஓடிக் காயவிடுங்கள்.

கதவின் அடியிலும் கீழ்ப் பெட்டித் தகட்டிலும் நீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. மாதமொருமுறை ஒரு தென்னோலை ஈர்க்கால் குத்தி விடுங்கள். இதற்கு ஈர்க்கை விஞ்சிய கருவி இல்லை. பெட்டித் தகடுகளுக்குள் மெழுகுப் பூச்சை நீண்ட குழாயால் அடிப்பது வருடாந்த வேலை, மாரிக்கு முன் புரட்டாதியில் செய்யுங்கள். கழிவு ஒயிலை அடிக்கும் பழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. றப்பர் புஷ்களை ஊதவைக்கும், புழுதி ஒட்டிச் சேறாகி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஹூட் கிழிஞ்சு போச்சு. கொழும்புக்குக் கொண்டுபோகவேணுமோ?

ஓட்டோ ஹூட், பஸ் சீற் தைக்கிறவர்கள் இங்கேயே தைப்பார்கள். பழைய ஹூட்டைக் கிழிக்காமல் தையல் பிரித்துக் கொடுங்கள். அதுதான் வெட்டு அச்சு. மூன்று விசயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓட்டோவுக்குப் போடும் மெல்லிய றெக்சின் வேண்டாம், பின்பக்கம் துணி ஒட்டிய தடித்த வினைல் அல்லது இரட்டைக் கன்வஸ் வேண்டும். பருத்தி நூல் வெயிலில் இரண்டு மாரி தாங்காது, தடித்த பொலியெஸ்ரர் நூல் வேண்டும். கடைசியாக, காரிலேயே பொருத்தி இழுத்து அளவு பார்த்தபின்தான் முன்சட்டத்தில் அடிக்கவேண்டும், அதுவும் நல்ல வெயில் நேரத்தில். குளிரான காலையில் வினைல் இறுகி நிற்கும், அந்த அளவில் அடித்தால் மத்தியானத்தில் தொய்ந்து மடங்கும்.

மைனரில் அந்த முன்சட்டம் மரம். கறையான் அரித்திருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். உக்கியிருந்தால் வளைவுக்கு ஏற்ற மாதிரி ஒரு தச்சாசாரியாரே செதுக்கித் தருவார்.

பின் பிளாஸ்ரிக் கண்ணாடி மங்கிப்போச்சு, ஒண்டும் தெரியேல்லை.

பெற்றோலோ தின்னரோ போட்டுத் துடைத்திருப்பீர்கள். இனி மாற்றத்தான் வேண்டும். புதிதுக்குத் தண்ணீரும் மெல்லிய சோப்பும் மட்டும். மடிக்கும்போது இடையில் ஒரு பழைய துவாயை வையுங்கள், மடிப்புக் கோடு விழாது.

மழைக்கு ஒழுகுது. என்ன செய்தாலும் நிக்குதில்லை.

கொஞ்சம் ஒழுகும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சட்டத்தின் இரு மூலை, கதவுக் கண்ணாடியின் பின் ஓரம், இந்த இடங்களில் றப்பரை மாற்றினால் பெரும்பகுதி நிற்கும். ஒழுகுவதைவிட ஒழுகிய தண்ணீர் உள்ளே நிற்பதுதான் ஆபத்து. கால்மிதியின் கீழ் ஸ்பொஞ்ச் போட்டிருந்தால் தூக்கி எறியுங்கள், அது ஒரு கிழமைக்கு ஈரம் வைத்திருக்கும். மாரியில் றப்பர் மிதியே போதும், தரையிலுள்ள வடிதுளையின் றப்பர் மூடியைக் கழற்றி வையுங்கள். நனைந்த ஹூட்டை ஒருபோதும் மடிக்காதீர்கள். இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறுப்புப் புள்ளி பிறகு போகாது.

என்ன ஒயில், எவ்வளவு?

948, 1098 சிசி மைனர் எஞ்சினுக்கு 20டபிள்யூ50 மினரல் ஒயில், ஏறத்தாழ 3.7 லீற்றர், ஐயாயிரம் கிலோமீற்றருக்கொருமுறை அல்லது வருடமொருமுறை. புதுக் கார்களுக்கான மெல்லிய சிந்தெற்றிக் ஒயில் வேண்டாம். சீல்களால் கசியும், அழுத்தமும் விழும். மைனர் கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயிலேதான், ஏறத்தாழ 1.3 லீற்றர். பின் அச்சுக்கு மட்டும் ஈபி90 என்ற தடித்த கியர் ஒயில். காபரேற்றரின் மேல் மூடியைக் கழற்றி, உள் தண்டின் வாய்க்கு அரை அங்குலம் மேலே நிற்கும்படி எஞ்சின் ஒயில் விடுங்கள். அது வற்றினால் மிதிக்கும்போது கார் தடுமாறும், ஆட்கள் பிளக்கைக் குற்றம் சொல்லுவார்கள்.

இடைவெளிகள்: பிளக் 0.025 அங்குலம், பொயின்ற் 0.015, வால்வு குளிர்ந்த நிலையில் 0.012. வால்வுக்கு ஒன்பதின் கணக்கு உண்டு. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் செற் பண்ணு, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஸ்பனர் அங்குல அளவு வாங்குங்கள். பதினான்கு மில்லிமீற்றர் ஸ்பனர் 9/16 நட்டுக்குள் போகாது, பதினைந்து வழுக்கி நட்டை உருட்டிவிடும்.

மைனரின்ர முன் சில்லு கழண்டு சரியுமெண்டு வெருட்டினம். உண்மையோ?

உண்மை, ஆனால் கிறீஸ் அடிக்காதவருக்கு மட்டும். முன் சில்லைத் தாங்கும் தண்டு மேலும் கீழும் திருகு மரையில் நிற்கிறது. கம்பனி சொன்னது ஆயிரம் மைலுக்கொருமுறை, அதாவது 1,600 கிலோமீற்றருக்கொருமுறை கிறீஸ். விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் தண்டு வெளியே வந்து சில்லு மடியும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும், படலைக்குள் றிவேர்ஸ் எடுக்கும்போது. முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, பாரம் இல்லாத நிலையில் பழைய கிறீஸ் பிதுங்கி வரும்வரை அடியுங்கள். ரயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

ஹெரால்ட், ஸ்பிற்பயர்க்காரருக்கு ஒரு எச்சரிக்கை: அவற்றின் அடித் திருகுக்குக் கிறீஸ் அல்ல, ஈபி90 ஒயில். கிறீஸ் இறுகி மரைக்குப் போகாமல் நின்றுவிடும். சேர்விஸ் நிலையத்துப் பெடியனுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் காரை ஏற்றுங்கள்.

92 போதுமோ, 95 அடிக்கவேணுமோ? ஈயம் இல்லாத பெற்றோல் வால்வைத் தின்னுமெண்டும் சொல்லினம்.

மைனருக்கு 92 போதும். மிதிக்கும்போது தகரத்தில் கல்லுப் போட்ட மாதிரிச் சத்தம் வந்தால் முதலில் ரைமிங்கைப் பாருங்கள், பிறகு 95. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. பழைய இரும்பு ஹெட்டில் எக்ஸோஸ்ற் வால்வின் இருக்கை தேயலாம் என்பது மெய்தான், ஆனால் அது நீண்ட நேரம் வேகமாக ஓடும் கார்களுக்கு. 60–70இல் ஓடும் எங்கள் காருக்கு மெதுவாகத்தான் வரும். மேலே சொன்ன 0.012 இடைவெளி ஒவ்வொரு முறையும் சீக்கிரமாக ஒடுங்கிக்கொண்டு வந்தால் இருக்கை தேய்கிறது. அப்போது லேத்தில் கொடுத்துக் கடின இருக்கை அடியுங்கள். அதற்குமுன் வீணாய்ச் செலவழிக்க வேண்டாம்.

மத்தியானம் ரவுணுக்கை நிண்டுபோகுது. அரை மணித்தியாலம் விட்டா ஸ்ராட் ஆகுது. கொயில் மாத்தியும் சரிவரேல்லை.

பெற்றோல் கொதிக்கிறது. இந்த எஞ்சினில் காபரேற்றர் எக்ஸோஸ்ற் மனிபோல்ட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. ஓடும்போது காற்று ஆற்றும், பஸ் நிலையத்தடியில் நின்றால் ஆற்ற ஒன்றுமில்லை. காபரேற்றருக்குக் கீழ் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு, தடித்த இடைக் காஸ்கற், பெற்றோல் குழாயை மனிபோல்ட்டிலிருந்து தள்ளி எடுப்பது, இவை மூன்றும் செய்தால் தீரும். வழியில் நின்றால் பொனற்றைத் திறந்துவிட்டு ஈரத்துணியை மிதவை அறைமேல் போடுங்கள். சூடான மனிபோல்ட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும். எஸ்.யூ. மின்பம்பு ‘டக் டக்’ என்று அடிக்காவிட்டால் மட்டும் பம்பைச் சந்தேகியுங்கள். அதன் பொயின்ற் கருகியிருக்கும்.

போன் சார்ஜர் பூட்டினன், புகைஞ்சு போச்சு.

1967க்கு முந்திய இந்தக் கார்கள் அநேகமானவற்றில் பற்றறியின் நேர் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். மைனரில் கடைசிவரை அப்படித்தான். இன்றைய சார்ஜர், றேடியோ எல்லாம் எதிர் முனை உடம்பென்று நினைத்துச் செய்தவை.

மாற்றுவது ஒரு காலை வேலை. பற்றறியைக் கழற்றித் திருப்பி வையுங்கள். நேர்முனை தடித்தது என்பதால் பிடிகளும் மாறும். கொயிலின் இரண்டு மெல்லிய வயர்களை இடம் மாற்றுங்கள், அம்மீற்றர் இருந்தால் அதையும். பிறகு டைனமோவின் சின்ன முனை வயரைக் கழற்றி, பற்றறியின் நேர் முனையிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை இரண்டு மூன்று தரம் ஒரு கணம் தொட்டெடுங்கள். பொறி பறக்கும். அதுதான் டைனமோவுக்குப் புதுத் திசை பழக்குவது. இதை மறந்தால் சார்ஜ் ஏறாது. ஸ்ராட்டர் மோட்டாருக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. புது வகை எஸ்.யூ. பம்பில் முனை குறித்திருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகைப் பரிசோதனை பாஸ் பண்ணுமோ?

பண்ணும், கலவை சரியென்றால். இருபது கிலோமீற்றர் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடானபின் போங்கள், சோக் முழுக்க உள்ளே இருக்கவேண்டும். காபரேற்றருக்குக் கீழுள்ள ஜெற் நட்டை மேலே முட்டும்வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு சுற்று இறக்குவது தொடக்க அளவு. பிறகு காபரேற்றர்ப் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, நட்டை ஒரு முகம் மேலே. எஞ்சின் சாகப் பார்த்தால் பெற்றோல் குறைவு, ஒரு முகம் கீழே. சற்று ஏறி அடங்கினால் சரி.

கொழும்புக்கு ஓடலாமோ? பிறேக்கை நம்பலாமோ?

ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். அறுபது, அறுபத்தைந்தில் ஓடினால் எஞ்சின் தாங்கும், மைனர் லீற்றருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீற்றர் கொடுக்கும். விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுங்கள். ஃபான் பெல்ற், பொயின்ற், கொண்டென்சர், றோட்டர், மேல் கீழ் ஹோஸ், ஒரு ரியூப் கொண்டுபோங்கள். றோட்டரை மறக்கிறவர்கள்தான் மதவாச்சியில் நிற்பார்கள்.

பிறேக் ஒரே சுற்று. எங்கேயாவது ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சில்லுக்கும் போய்விடும், கைப்பிறேக் மட்டும் மிஞ்சும். மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழ் இருக்கிறது. மிதியைத் தூக்கி மூடியைக் கழற்றினால்தான் தெரியும். கண்ணில் படாததால் ஆட்கள் பார்ப்பதில்லை. மாதமொருமுறை பாருங்கள், இரண்டு வருடத்துக்கொருமுறை பிறேக் ஒயிலை முழுக்க மாற்றுங்கள். முன்னால் போகும் ஹைபிறிட் கார் நிற்கும் தூரத்தில் நீங்கள் நிற்கமாட்டீர்கள், இடைவெளி விட்டு ஓடுங்கள். ரயர் பூ நன்றாயிருந்தாலும் பக்கத்தில் அச்சடித்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். எட்டு வருடம் தாண்டியதில் கொழும்புப் பயணம் வேண்டாம்.

கலியாணத்துக்கு வாடகைக்கு விட்டு செலவை எடுக்கலாமோ?

மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்பார்கள்தான். ஆனால் தனியார் பாவனைக்கு எடுத்த காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. அன்று ஒன்று நடந்தால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில். முதலில் காப்புறுதிக் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று: ஊர்வலம் என்றால் நடை வேகத்தில் ஒரு மணித்தியாலம், மேளத்துக்குப் பின்னால். மேலே சொன்ன பெற்றோல் கொதிப்பு அங்கேதான் வரும். பூமாலையை செலோரேப்பால் பெயின்ற்றில் ஒட்ட விடாதீர்கள்.

தம்பி கனடாவில. வாங்கி வைக்கச் சொல்லுறார், வருசத்தில ஒருக்காத்தான் வருவார். எப்பிடி வைக்கிறது?

ஓடாமல் நிற்பதுதான் இந்தக் கார்களுக்கு வரும் பெரிய நோய். கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை வேண்டும், அதன் கீழ் பொலித்தீன் விரித்திருந்தால் இன்னும் நல்லது. மண் தரையில் ஈரம் மேலே வரும். கிடுகுக் கூரை குளிர்ச்சி, ஆனால் எலி குடிவரும். நீலப் படங்கால் மூடிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி போதும். தென்னைக்கும் பனைக்கும் கீழே ஹூட் காரை நிறுத்துவது பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஹூட்டை விரித்த நிலையில் வையுங்கள். பெற்றோல் தாங்கியை நிரப்புங்கள், அரைத் தாங்கியில் மேல்ப்பாதி கறள் பிடிக்கும். ஒயிலை நிறுத்தும்போதே மாற்றுங்கள், பழைய ஒயிலில் அமிலம் உண்டு. பற்றறியைக் கழற்றுங்கள். கைப்பிறேக்கை விடுவித்துச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். கிளச் மிதியை ஒரு பலகைத் துண்டால் அழுத்தி வைத்தால் தட்டு ஒட்டாது. சைலன்சர் வாயை வலைத்துணியால் அடையுங்கள், சீற்றின் கீழ் பூச்சிமுட்டை (நப்தலீன் உருண்டை) போடுங்கள். கறையானுக்குச் சுற்றிவர மருந்து அடியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் “கிழமைக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஸ்ராட் பண்ணி விடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது செய்யாமல் விடுவதைவிடக் கெடுதல். எஞ்சின் சூடாகுமுன் ஓவ் பண்ணினால் ஒயிலில் தண்ணீரும் பெற்றோலும் தங்கும், சைலன்சர் உள்ளிருந்து உக்கும். மாதமொருமுறை இருபது கிலோமீற்றர் ஓட ஒரு நம்பிக்கையான ஆளும், அதற்கு உயிரோடிருக்கும் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் இருந்தால் வாங்குங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், வரும்போது ஒரு கிழமைக்கு யாருடைய காரையேனும் இரவல் கேட்பது தம்பிக்கு மலிவு.